போசான்: துகளுக்குப் பெயர் தந்த டாக்கா ஆசிரியர்

போஸ் என்ற பெயரைக் கேட்டதும் இங்குள்ள தமிழர்களுக்கு நினைவுக்கு வருபவர் நேதாஜிதான். 1943இல் சிங்கப்பூரில் அவர் நடத்திய கூட்டங்கள், தோட்டங்களிலிருந்து இந்திய தேசிய இராணுவத்திற்குப் போன தாத்தா பாட்டிமார், பழைய வீடுகளின் சுவரில் தொங்கிய இராணுவ உடைப் படம் என அந்தப் பெயர் நம் குடும்பக் கதைகளோடு கலந்துவிட்டது. ஆனால், உலகெங்கும் இயற்பியல் வகுப்புகளில் அன்றாடம் உச்சரிக்கப்படும் போஸ் வேறொருவர். அவரும் வங்காளிதான். அவரும் கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் படித்தவர்தான். நேதாஜியைவிட மூன்று வயது மூத்தவர்.

2012 ஜூலை 4ஆம் தேதி, ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வு மையம் ஹிக்ஸ் போசான் எனக் கருதத்தக்க புதிய துகளைக் கண்டறிந்துவிட்டதாக அறிவித்தபோது நாளிதழ்கள் எல்லாம் அதை முதல் பக்கத்தில் போட்டன. அரங்கில் அமர்ந்திருந்த பீட்டர் ஹிக்ஸ் கண்களைத் துடைத்துக்கொண்ட படம் உலகம் முழுவதும் வந்தது. அந்தத் துகளின் பெயரில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. முதல் சொல்லுக்கு உரியவர் யார் என்று அன்று எல்லாரும் எழுதினார்கள். இரண்டாவது சொல்லுக்கு உரியவரைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. இத்தனைக்கும் இரண்டாவதுதான் பெரிய சொல். அணுவுக்குள் இருக்கும் துகள்களை அறிவியலாளர்கள் இரண்டே இனங்களாகப் பிரிக்கிறார்கள். ஒன்று ஃபெர்மியான், இன்னொன்று போசான். ஒளித்துகள், அணுக்கருவைக் கட்டிவைக்கும் குளுவான், 1983இல் செர்னில் கண்டுபிடிக்கப்பட்ட டபிள்யூ, இசட் துகள்கள், பிறகு வந்த ஹிக்ஸ் எல்லாமே போசான்கள். ஒரு முழு இனமே சத்தியேந்திரநாத் போஸ் என்ற ஆசிரியரின் பெயரைச் சுமக்கிறது.

அவர் 1894 ஜனவரி முதல் தேதி கல்கத்தாவில் பிறந்தார். தந்தை சுரேந்திரநாத் கிழக்கிந்திய ரயில்வேயில் பணிபுரிந்தவர். ஏழு பிள்ளைகளில் இவர் மூத்தவர், ஒரே ஆண்பிள்ளை. தங்கைகள் ஆறு பேர். தந்தை வேலைக்குக் கிளம்பும் முன் வீட்டுத் தரையில் கணக்குகளை எழுதிவைத்துப் போவார் என்றும், மாலை திரும்புவதற்குள் மகன் அவற்றைப் போட்டு முடித்திருப்பார் என்றும் சொல்வார்கள். இந்து பள்ளியில் கணக்கு ஆசிரியர் ஒருவர் இவருக்கு 100க்கு 110 மதிப்பெண் போட்டாராம். விடை சரி என்பதோடு, சில கணக்குகளை ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் போட்டிருந்ததுதான் காரணம். எந்த மேதையின் வாழ்க்கை வரலாற்றிலும் இப்படி ஒரு கதை இருக்கும். ஆனால், வழியைப் பற்றிய இந்தக் கவலை இவரை விட்டு அகலவே இல்லை என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

கல்லூரியில் ஜெகதீஷ் சந்திர போஸும் பிரஃபுல்ல சந்திர ராயும் ஆசிரியர்கள். டாக்கா பக்கத்துக் கிராமத்தில் ஏழைக் கடைக்காரரின் மகனாகப் பிறந்த மேக்நாத் சாகா வகுப்புத் தோழர். இளங்கலை, முதுகலை இரண்டிலும் சத்தியேந்திரர் முதலிடம் பெற, முதுகலையில் சாகா அடுத்த இடத்தில் வந்தார். படிப்பு முடியும் முன்பே, 20 வயதில், உஷாபதியுடன் திருமணம் நடந்தது.

அன்றைய கல்கத்தா பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஆசுதோஷ் முகர்ஜி, இந்த இரு இளைஞர்களையும் 1916 வாக்கில் புதிய அறிவியல் கல்லூரியில் விரிவுரையாளர்களாக நியமித்தார். பாடம் நடத்த ஆள் கிடைத்தது, புத்தகம்தான் இல்லை. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்ததால் ஐரோப்பாவிலிருந்து ஆய்விதழ்கள் வருவது அரிதாகிவிட்டது. சிப்பூர் பொறியியல் கல்லூரியில் இருந்த புரூல் என்ற பேராசிரியரிடம் நல்ல ஜெர்மன் நூல்கள் இருந்தன. அவற்றை இரவல் வாங்கிப் படித்தார்கள். படிப்பதற்காகவே ஜெர்மன் மொழியைக் கற்றார்கள். போஸுக்குப் பிரெஞ்சும் வரும். ஐன்ஸ்டீனின் சார்பியல் கட்டுரைகளை இருவரும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தனர். ஐன்ஸ்டீனின் இசைவோடு கல்கத்தா பல்கலைக்கழகம் 1920இல் அதை நூலாக வெளியிட்டது. சார்பியலின் மூலக் கட்டுரைகள் ஆங்கிலத்தில் நூலாக வந்தது இலண்டனில் அல்ல, கல்கத்தாவில்தான் முதலில் நடந்தது.

டாக்கா வகுப்பறை

1921இல் டாக்காவில் புதிய பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. போஸ் அங்கே இயற்பியல் துறையில் ரீடர் பதவியில் சேர்ந்தார். முதுகலை மாணவர்களுக்கு வெப்பக் கதிர்வீச்சு பற்றிப் பாடம் நடத்த வேண்டியிருந்தது.

இரும்பைப் பட்டறையில் காய்ச்சினால் முதலில் மங்கிய சிவப்பாகத் தெரியும். சூடு ஏற ஏற ஆரஞ்சு, மஞ்சள், கடைசியில் வெள்ளை. எந்தச் சூட்டில் எந்த நிற ஒளி எவ்வளவு வெளிவரும் என்பதற்கு 1900இல் ஜெர்மனியின் மேக்ஸ் பிளாங்க் ஒரு சூத்திரம் தந்தார். ஆற்றல் தொடர்ச்சியாக ஓடுவதில்லை, சிறு சிறு பொட்டலங்களாகத்தான் கைமாறுகிறது என்ற குவாண்டம் கருத்து பிறந்தது அந்தச் சூத்திரத்தில்தான். அளந்து பார்த்தால் அது துல்லியமாகப் பொருந்தியது. ஆனால், சூத்திரத்தை அடைந்த வழியில் ஓர் ஓட்டை இருந்தது. கணக்கின் ஒரு பாதியில் ஒளியை அலையாக வைத்துப் பழைய முறையில் எண்ணினார்கள். மறு பாதியில் ஆற்றல் பொட்டலங்களை வைத்துப் புதிய முறையில் எண்ணினார்கள். இரண்டையும் பெருக்கினால் சரியான விடை வந்தது. ஏன் வந்தது என்பதற்குச் சரியான பதில் இல்லை. ஐன்ஸ்டீன் உட்படப் பலரும் வேறு வழிகளில் முயன்று பார்த்திருந்தார்கள். போஸுக்கு எதிலும் நிறைவில்லை. தனக்கே தெளிவாகாத ஒன்றை மாணவர்கள் முன்னால் நின்று எப்படிச் சொல்வது?

அந்த ஆசிரியரின் சங்கடம்தான் கண்டுபிடிப்புக்கு வித்து. அவர் அலையை முற்றிலும் கைவிட்டார். ஒளி என்பது ஒரு பெட்டிக்குள் அடைபட்ட வாயு போன்றது, அதன் துகள்கள் ஒளிப் பொட்டலங்கள் என்று வைத்துக்கொண்டார். அந்தத் துகள்கள் எத்தனை விதமாகப் பரவி இருக்க முடியும் என்று எண்ணினார். எண்ணும்போது ஒரு துகளையும் இன்னொரு துகளையும் தனித்தனியாக அடையாளம் காணவே முடியாது என்ற விதியில் அவர் கணக்கு நடந்தது.

இது புரிய இரண்டு 20 காசு நாணயங்கள் போதும். இரண்டையும் சுண்டினால் நான்கு விதமாக விழலாம்: இரண்டும் பூ, இரண்டும் தலை, முதல் காசு பூ இரண்டாவது தலை, முதல் காசு தலை இரண்டாவது பூ. ஆகவே இரண்டும் ஒன்றுபோல விழ நான்கில் இரண்டு வாய்ப்பு. இப்போது இரண்டு காசுகளுக்கும் இடையில் எந்த வேறுபாடும் இல்லை, எது முதல் காசு என்ற கேள்விக்கே பொருள் இல்லை என்று வையுங்கள். அப்போது கடைசி இரண்டு வகையும் ஒன்றாகிவிடும். மொத்தம் மூன்றே விதம். இரண்டும் ஒன்றுபோல விழ மூன்றில் இரண்டு வாய்ப்பு! உண்மைக் காசுகள் இப்படி விழுவதில்லை. ஒளித்துகள்கள் இப்படித்தான் நடந்துகொள்கின்றன. ஒன்று இருக்கும் இடத்திற்கே மற்றொன்றும் வந்து சேரும் போக்கு அவற்றுக்கு உண்டு. இப்படி எண்ணியதும் பிளாங்கின் சூத்திரம் எந்த ஒட்டுப்போடலும் இல்லாமல் நேராக வந்து நின்றது. கட்டுரை சில பக்கங்கள்தான்.

தபாலில் போன கட்டுரை

பிரிட்டனின் புகழ்பெற்ற ஆய்விதழ் ஒன்றுக்கு அதை அனுப்பினார். அது வெளியாகவில்லை. 30 வயது, முனைவர் பட்டம் இல்லை, ஐரோப்பாவில் யாருக்கும் தெரியாத ஊர், மூன்று வயதுப் பல்கலைக்கழகம். அத்தோடு பலர் விட்டிருப்பார்கள். போஸ் 1924 ஜூன் 4ஆம் தேதி கட்டுரையை நேரே ஐன்ஸ்டீனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டீன் அப்போது நோபல் பரிசு பெற்று உலகமே அறிந்த மனிதர்.

இணைத்திருந்த கடிதத்தில் பணிவும் இருந்தது, தயக்கமின்மையும் இருந்தது. கட்டுரையைப் படித்துக் கருத்துச் சொல்லும்படியும், தகுதி இருந்தால் ஜெர்மன் மொழியில் வெளிவர ஏற்பாடு செய்யும்படியும் கேட்டிருந்தார். மொழிபெயர்க்கும் அளவு தனக்கு ஜெர்மன் வராது என்றும் ஒப்புக்கொண்டிருந்தார். அறிமுகமே இல்லாதவரிடம் இதைக் கேட்கத் தயங்கவில்லை, ஏனென்றால் எழுத்துகள் வழியாக நாங்கள் எல்லாருமே உங்கள் மாணவர்கள்தாம் என்ற பொருளில் எழுதினார். முன்பு சார்பியல் கட்டுரைகளை மொழிபெயர்க்க கல்கத்தாவிலிருந்து இசைவு கேட்டவர்களுள் தாமும் ஒருவர் என்பதையும் நினைவூட்டினார்.

ஐன்ஸ்டீன் கட்டுரையைத் தம் கையாலேயே ஜெர்மனில் மொழிபெயர்த்தார். போஸின் பெயரில், டாக்கா பல்கலைக்கழகம் என்ற முகவரியோடு, அந்த ஆண்டே ஜெர்மன் இயற்பியல் இதழில் அது வெளிவந்தது. இது ஒரு முக்கியமான முன்னேற்றம் என்ற குறிப்பையும் கீழே சேர்த்தார். தெரியாத ஊரிலிருந்து வந்த தாளை எடுத்துத் தம் பெயரையும் சேர்த்துக்கொள்ள அவருக்கு வாய்ப்பு இருந்தது. அவர் அப்படிச் செய்யவில்லை. பிறகு போஸின் எண்ணும் முறையை ஒளியோடு நிறுத்தாமல் அணுக்களாலான வாயுவுக்கும் விரித்துத் தனிக் கட்டுரைகள் எழுதினார். மிகக் கடுமையான குளிரில் அணுக்கள் அனைத்தும் ஒரே நிலைக்கு வந்து சேர்ந்துவிடும் என்று அதிலிருந்து கணித்தார். அது உண்மைதான் என்று ஆய்வகத்தில் காட்ட 1995 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் கொலராடோவில் ருபிடியம் அணுக்களைக் கொண்டு அதைச் செய்தவர்களுக்கு 2001இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த நிலைக்குப் போஸ்-ஐன்ஸ்டீன் சுருக்கம் என்று பெயர்.

ஐன்ஸ்டீனிடமிருந்து வந்த அஞ்சலட்டை டாக்காவில் பெரிய வேலை செய்தது. பல்கலைக்கழகம் சம்பளத்தோடு இரண்டு ஆண்டு விடுப்பு கொடுத்தது. ஜெர்மன் தூதரகம் அதைப் பார்த்துக் கட்டணம் வாங்காமல் விசா கொடுத்ததாம்.

1924 அக்டோபரில் பாரிஸ் போய்ச் சேர்ந்தார். மேரி கியூரியின் ஆய்வகத்தில் சேர விரும்பிப் பார்க்கப் போனபோது நடந்த கதை பலரும் சொல்வது. கியூரி அம்மையார் ஆங்கிலத்திலேயே பேசி, முதலில் சில மாதம் பிரெஞ்சு கற்றுக்கொண்டு வரச் சொன்னார். இவருக்கோ பிரெஞ்சு நன்றாகத் தெரியும். ஆனால், அந்தப் பேச்சின் நடுவே குறுக்கிட்டு அதைச் சொல்ல இவருக்குக் கூச்சம்! சொல்லாமலேயே திரும்பிவிட்டார். ஐன்ஸ்டீனுக்கே கடிதம் எழுதத் தயங்காதவர் நேருக்கு நேர் வாய் திறக்கவில்லை. பிறகு மோரிஸ் டி பிராலியின் ஆய்வகத்தில் எக்ஸ்ரே நுட்பங்களைக் கற்றார்.

பெர்லினில் ஐன்ஸ்டீனைச் சந்தித்தது 1925இல். ஆனால், அந்தச் சந்திப்பிலிருந்து புதிய கட்டுரை எதுவும் பிறக்கவில்லை. போஸ் அனுப்பிய இரண்டாவது கட்டுரையையும் ஐன்ஸ்டீன் மொழிபெயர்த்து வெளியிட்டார்தான். ஆனால், அதன் கருத்தைத் தாம் ஏற்கவில்லை என்ற குறிப்போடு. அதற்குள் ஐரோப்பாவில் ஹைசன்பர்க் போன்ற 20களின் இளைஞர்கள் குவாண்டம் இயற்பியலையே தலைகீழாக்கிக்கொண்டிருந்தார்கள். போஸ் 1926இல் ஊர் திரும்பினார்.

திரும்பிய பிறகு

டாக்காவில் பேராசிரியர் பதவி காலியாக இருந்தது. முனைவர் பட்டம் இல்லாதவருக்கு அதைத் தருவதா என்ற கேள்வி எழுந்தது. ஐன்ஸ்டீனின் பரிந்துரை வந்தது. அப்போதும் முதலில் வேறொருவரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அவர் வராததால் போஸுக்குக் கிடைத்தது. அவர் பெயரில் ஒரு புள்ளியியல் முறையே உருவாகிவிட்ட பிறகு நடந்த நேர்காணல் இது என்பதை மறந்துவிடக் கூடாது. பட்டத்தைப் பார்த்து ஆளை எடைபோடும் பழக்கம் அன்றும் இருந்திருக்கிறது.

1945 வரை டாக்காவிலேயே இருந்தார். ஆய்வகம் கட்டினார், எக்ஸ்ரே கருவிகளை உள்ளூரிலேயே செய்ய வைத்தார், வேதியியலில் கை வைத்தார். மாணவர்களின் ஆய்வுச் சிக்கல்களைத் தீர்த்துவைப்பார். தம் பெயரைப் போட்டுக்கொள்வதில் அக்கறை காட்டவில்லை. வீட்டில் எஸ்ராஜ் வாசிப்பார். 1924க்கு இணையான இன்னொரு கட்டுரை அவரிடமிருந்து வரவே இல்லை. இதைக் குறையாகச் சொல்பவர்கள் இன்றும் உண்டு. குறை முற்றிலும் பொய்யும் அல்ல. குவாண்டம் அறிவியல் வேகமாக வளர்ந்த ஆண்டுகளில் அதன் முன்னோடிகளில் ஒருவர் அந்த ஓட்டத்தில் இல்லை. ஆனால், அந்த ஆண்டுகளில் அவர் சும்மா இருந்தார் என்று அவரிடம் படித்தவர்கள் யாரும் ஏற்கமாட்டார்கள்.

வங்கப் பிரிவினையின் நிழல் விழத் தொடங்கிய 1945இல் டாக்காவை விட்டுக் கல்கத்தா பல்கலைக்கழகத்திற்கு வந்தார். அதே ஆண்டு டிசம்பரில் பாரிஸில் உரையாற்றிய பிரிட்டிஷ் அறிவியலாளர் பால் டிராக், போஸின் விதிக்குக் கட்டுப்படும் துகள்களுக்குப் போசான் என்று பெயர் சூட்டினார். பெயர் பெற்றவர் அப்போது ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் தம் பழைய நகரத்தில் மறுபடி குடியேறிக்கொண்டிருந்தார்.

டிராக் பின்னாளில் கல்கத்தா வந்தபோது நடந்ததாக ஒரு கதை. டிராக்கும் மனைவியும் காரின் பின் இருக்கையில். முன்னால் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்த போஸ், வெளியே நின்ற மாணவர்களையும் முன் இருக்கையிலேயே ஏறச் சொல்லிவிட்டார். நெருக்கடியாக இருக்காதா என்று டிராக் கேட்க, நாங்கள் போஸ் புள்ளியியலை நம்புகிறவர்கள் என்று இவர் பதில் சொன்னாராம். ஒன்று இருக்கும் இடத்திற்கே மற்றதும் வரும் என்ற அந்த விதியை, மனைவிக்கு டிராக்தான் விளக்க வேண்டியிருந்தது.

தாய்மொழியில் அறிவியல்

வாழ்வின் கடைசி 25 ஆண்டுகளில் போஸ் அதிகம் போராடியது துகளுக்காக அல்ல, வங்க மொழிக்காக. 1948இல் வங்கீய விஞ்ஞான் பரிஷத் என்ற அமைப்பைத் தொடங்கினார். அறிவியலை வங்க மொழியில் எழுதும் ஞான் ஓ பிஞ்ஞான் என்ற மாத இதழை அது வெளியிட்டது. இந்த ஆர்வம் திடீரென வந்ததல்ல. கவிஞர் தாகூர் 1937இல் அறிவியலைப் பற்றி வங்க மொழியில் ஒரு நூல் எழுதியபோது அதை இவருக்கே காணிக்கையாக்கியிருந்தார். டாக்காவிலும் கல்கத்தாவிலும் உயர் வகுப்புப் பாடங்களை வங்க மொழியில் நடத்திக் காட்டியவர் இவர்.

எதிர்த்தவர்கள் படித்தவர்கள்தாம். வங்க மொழியில் கலைச்சொற்கள் ஏது? ஆங்கிலம் இல்லாமல் பிள்ளைகள் உலகத்தோடு எப்படிப் போட்டியிடுவார்கள்? நமக்கு மிகவும் பழகிய கேள்விகள். போஸின் பதில் நேரடியானது. சொல் இல்லையென்றால் வெளிநாட்டுச் சொல்லையே எடுத்து எழுதுங்கள், சொல் பிறக்கும் வரை அறிவியல் காத்திருக்க வேண்டியதில்லை என்பது அவர் நிலை. உயிர்வளி என்று எழுதுவதா ஆக்சிஜன் என்று எழுதுவதா என்று இங்கே ஆசிரியர் கூட்டங்களில் மணிக்கணக்கில் வாதாடியவர்களுக்கு இது உறைக்கும். அவருக்கு மொழித் தூய்மை இரண்டாம் பட்சம். வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குப் புரிகிறதா என்பதே முதல் கேள்வி.

1962இல் ஜப்பான் போயிருந்தபோது அங்குள்ள அறிவியலாளர்கள் மிகக் கடினமான விஷயங்களையும் தங்கள் மொழியிலேயே விவாதிப்பதைக் கண்டு வந்தார். அதன் பிறகு அவர் குரல் இன்னும் உரத்தது. பொதுமக்களுக்கு எளிய கட்டுரை எழுதலாம், ஆய்வுக்கு இந்த மொழி உதவாது என்றவர்களுக்குப் பதிலாக, வங்க மொழியில் எழுதப்பட்ட ஆய்வுக் கட்டுரைகளை மட்டுமே கொண்ட ஓர் இதழை அவருடைய அமைப்பு கொண்டுவந்தது.

ஆங்கிலமோ ஐரோப்பிய மொழிகளோ தெரியாதவர் பேசிய பேச்சல்ல இது. ஜெர்மனையும் பிரெஞ்சையும் கற்று, ஐன்ஸ்டீனை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர். பிற மொழியில் படிக்க ஒரு மாணவன் எவ்வளவு நேரத்தைச் செலவிட வேண்டியிருக்கிறது என்பது சொந்த அனுபவத்தில் தெரிந்தவர்.

பதவிகளும் விருதுகளும் தாமதமாக வந்தன. 1954இல் பத்ம விபூஷண், 1956 முதல் இரண்டு ஆண்டு விஸ்வபாரதி பல்கலைக்கழகத் துணைவேந்தர் பொறுப்பு, 1958இல் இலண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர். நோபலுக்கு 1956, 1959, 1962 ஆகிய ஆண்டுகளில் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. மதிப்பிட்ட ஆஸ்கர் கிளைன் அந்தப் பணி பரிசுக்கு எட்டவில்லை என்று கருதினார். போசான்களை ஆராய்ந்தவர்கள் பலர் பரிசு பெற்றார்கள். பெயருக்கு உரியவருக்குக் கிடைக்கவில்லை.

கூட்டங்களில் தலைமை தாங்கும்போது கண்ணை மூடிக்கொள்வது அவர் வழக்கம். தூங்குகிறார் என்றே எல்லாரும் நினைப்பார்கள். நீல்ஸ் போர் கல்கத்தாவில் உரையாற்றியபோது கரும்பலகையில் ஓரிடத்தில் தடுமாறி, போஸின் உதவியைக் கேட்டாராம். கண் திறந்து எழுந்து வந்தவர், அந்த இடத்தை விளக்கிவிட்டுப் போய் உட்கார்ந்து மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

வட கல்கத்தாவின் ஈஸ்வர் மில் சந்து வீட்டிற்கு மாணவர்கள் எந்த நேரத்திலும் போகலாம். 1974 ஜனவரியில் அவருடைய 80ஆவது பிறந்தநாளும், அவர் வகுத்த புள்ளியியலின் 50ஆம் ஆண்டும் சேர்ந்து வந்தன. கல்கத்தாவில் அறிவியலாளர்கள் கூடிக் கொண்டாடினார்கள். பிப்ரவரி 4ஆம் தேதி அவர் காலமானார். ஞான் ஓ பிஞ்ஞான் அதன் பிறகும் வந்துகொண்டிருந்தது.